ஈரலில் நோய், இரைப்பையில் கசிவு

ஒருவருக்குக் கல்லீரல் சுருங்கிவிட்டது என்று கேள்விப்பட்டதுமே அடுத்த பேச்சு ரத்த வாந்தியைப் பற்றித்தான். இன்னார் சட்டி நிறைய எடுத்தார், ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கும் முன்னே முடிந்துபோனது என்று ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், இன்றுவரை ஒரு சொட்டு ரத்தம் வாந்தி எடுத்ததில்லை. ஆனாலும் அவர் உடம்பில் ரத்தம் குறைந்துகொண்டே வந்தது. அது எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கத்தான் நாளாகிவிட்டது. இதே நிலையில் இருக்கும் வீடுகளுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தும் அளவும் உங்கள் டாக்டர் சொல்வதுதான்.

எங்களுக்குச் சேரன்மகாதேவி பக்கம். அத்தை வாக்கப்பட்டு வந்த காலத்திலிருந்து பீடி சுற்றுகிறவர். திண்ணையில் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தால் மதியச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பார். சுகர் பல வருஷமாக இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. கொஞ்சம் கனத்த சரீரம். எப்போதோ எடுத்த ஸ்கேனில் 'ஈரலில் கொழுப்பு' என்று ஒரு வரி இருந்தது. பிறகு கால் வீக்கத்துக்காக எடுத்த ஸ்கேனில் ஈரல் சுருங்கி மேடு பள்ளமாக இருப்பதாகவும், மண்ணீரல் பெருத்திருப்பதாகவும் வந்தது. மஞ்சள்காமாலை பி, சி இரண்டுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், இல்லை. சுகரும் உடல் எடையும் சேர்ந்து ஈரலில் கொழுப்பு படிந்து, அது வருஷக்கணக்கில் தழும்பாகி, தழும்பு சுருக்கமாகிவிட்டது என்றார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. வீரவநல்லூரில் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரம்மா குரலைத் தாழ்த்தி, "குடிச்சாத்தான ஈரல் போவும்? ஒங்க அத்தைக்கு எப்படிம்மா?" என்று கேட்டார். அத்தை வெற்றிலைகூடப் போடாதவர். சிரோசிஸ், அதாவது ஈரல் சுருக்கம் என்றாலே குடி என்று முடிவு கட்டுவதால், பல பெண்கள் இந்த நோயை வெளியே சொல்வதே இல்லை. சொல்லாததால் மெடிக்கலிலும் சொல்வதில்லை. மெடிக்கலில் சொல்லாததால் வரும் கேடு என்ன என்று பின்னால் வருகிறேன்.

ரத்தக்குறைவுக்கு வருவோம். முதலில் மேல்மூச்சு. வீட்டு மூன்று படி ஏறினாலே நின்று மூச்சு வாங்குவார். பஸ் படியில் ஏறக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடிப்பார். நகமும் கண் ரப்பையின் உள்பக்கமும் வெளுத்துவிட்டன. அப்புறம் பச்சரிசி. அரிசிப் பானையைத் திறந்தால் ஒரு வாய் அள்ளிப் போட்டு மென்றுகொண்டே இருப்பார். "சின்னப்பிள்ளை மாரி என்ன அத்தை இது?" என்றால், "நாக்கு கேக்குதுட்டி" என்பார். பச்சரிசி, மண், சாம்பல் இதையெல்லாம் நாக்கு கேட்டால் உடம்பில் இரும்புச்சத்து தீர்ந்துபோனதற்கு அது ஓர் அடையாளம் என்று பின்னால்தான் தெரிந்தது.

பக்கத்து ஊர் கிளினிக் ஒன்றில் ரத்தம் கம்மி என்று சத்து மாத்திரையும், வயிறு எரிகிறது என்றதால் கேஸ் மாத்திரையும் தந்தார்கள். சில மாதம் அதுவே ஓடியது. ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறும், மறுபடி இறங்கும். பொம்பளைகளுக்கு ரத்தம் குறைவது சகஜம் என்று அங்கே ஒரு பதில். அத்தைக்கு மாதவிலக்கு நின்று எத்தனையோ வருஷம். அந்த வயதில் இரும்புச்சத்து தீர்கிறது என்றால் எங்கோ ரத்தம் கசிகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். அதுவும் ஈரல் சுருக்கம் என்று பைலில் எழுதியிருக்கும் ஆளுக்கு.

ஹீமோகுளோபின் 6.4 என்று வந்த அன்று பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதலில் ரத்தம் ஏற்றினார்கள். என் கொழுந்தனார், "ரத்தம் குடுக்க ஆள் நிக்கோம், நாலு பாட்டிலாப் போட்டு ஏத்திருங்க சார்" என்றார். டாக்டர் மறுத்துவிட்டார். ஈரல் சுருக்கம் உள்ளவருக்கு ஹீமோகுளோபின் 7, 8 வந்தால் போதும்; ஒரேயடியாக நிறைய ஏற்றினால் குழாய்க்குள் அழுத்தம் கூடி, கசிகிற இடம் இன்னும் கசியும் என்றார். ரத்தம் எவ்வளவு ஏறினாலும் நல்லது என்று நினைக்கும் சொந்தக்காரர்களுக்கு இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுங்கள், வார்டில் சண்டை மிச்சம்.

அப்புறம் எண்டோஸ்கோப்பி. அத்தைக்கு அந்தப் பேரைக் கேட்டாலே நடுக்கம். உண்மையில் உள்ளே குழாய் இருந்தது கொஞ்ச நேரம்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வெறும் வயிறு. சுகர்க்காரர்கள் அன்று காலை மாத்திரையோ இன்சுலினோ போடுவதா வேண்டாமா என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். பட்டினியோடு மாத்திரையும் போட்டால் சுகர் தாழ்ந்து அங்கேயே மயங்கிவிடலாம். தொண்டையில் மரத்துப்போகிற மருந்து அடிப்பார்கள், கசக்கும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் ஒரு வளையத்தைக் கொடுத்துப் பல் கடிக்காமல் பார்த்துக்கொள்வார்கள். முடிந்ததும் தொண்டை மரப்பு போகும்வரை தண்ணீர்கூடக் கூடாது, புரையேறிவிடும்.

எடுத்த படத்தை டாக்டர் கணினியில் காட்டினார். இரைப்பையின் மேல்பாதி. சாதாரணமாக அந்த உள்தோல் வழவழவென்று ரோஸ் நிறத்தில் இருக்குமாம். அத்தையுடையதில் வெளுத்த கோடுகள் வலை போட்டதுபோல் ஓடி, நடுவில் சின்னச் சின்னக் கட்டங்கள். பாம்புத்தோல் என்றுதான் டாக்டர்களே இதைச் சொல்கிறார்கள். அந்தக் கட்டங்களுக்குள் குண்டூசி குத்தினாற்போலச் சிவப்புப் புள்ளிகள், சில புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து திட்டாக. ஓர் இடத்தில் ரத்தம் மெல்லிசாகப் படர்ந்து நின்றது.

"ஆச்சி, ஒங்களுக்குப் புண்ணு எதும் இல்ல. உள்தோலு பூராவும் ரத்தம் கட்டி நிக்கி. அதுலருந்துதான் கசியுது" என்றார் டாக்டர். அத்தைக்குப் புண் இல்லை என்ற வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. "அப்பம் வீட்டுக்குப் போலாமா?" என்றார்.

ரிப்போர்ட்டில் இருந்த பேர் போர்ட்டல் ஹைப்பர்டென்சிவ் காஸ்ட்ரோபதி. வலை மட்டும் தெரிந்தால் லேசானது, சிவப்புப் புள்ளிகளும் கசிவும் இருந்தால் கடுமையானது. அத்தைக்கு இரண்டாவது. உணவுக்குழாயில் நரம்புப் புடைப்பும், அதாவது ரத்தக்குழாய் வீங்கி நிற்பதும் இருந்தது, ஆனால் சின்னது. ரப்பர் வளையம் போட்டு இறுக்கிக் கட்டும் அளவுக்கு இல்லை. ரத்தக்குறைவுக்கு வேறு காரணம் கீழே ஏதும் இருக்கிறதா என்று பெருங்குடலையும் பார்த்து, ஒன்றும் இல்லை என்றார்கள்.

ஈரலில் நோய் என்றால் இரைப்பை ஏன் சிவக்கிறது? எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன். இரைப்பை, குடல், மண்ணீரல், கணையம் எல்லாவற்றிலிருந்தும் வரும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை என்ற ஒரு பெரிய குழாயில் சேர்ந்து ஈரலுக்குள் புகுந்து, அங்கே சலித்து, அதன் பிறகுதான் மேலே போகிறது. ஈரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு இந்த வழியாகத்தான். ஈரல் தழும்பாகிக் கெட்டித்துப் போனால் உள்ளே பாதை குறுகிவிடும். எங்கள் பக்கம் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விட்ட நேரம், கீழ்மடையில் வண்டலும் ஆகாயத்தாமரையும் அடைத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்று எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார். தண்ணீர் மேலே எதிர்த்து நிற்கும். சில இடத்தில் கரை உடையும். அது நரம்புப் புடைப்பு வெடித்து வரும் ரத்த வாந்தி. பல இடத்தில் கரை உடையாமலே வயல் முழுக்கச் சொதசொதவென்று ஊறி நிற்கும். அத்தையின் இரைப்பை அந்த வயல்.

அந்த அழுத்தத்தை அளக்கவும் முடியும். சரியாக இருக்கிறவர்களுக்கு ஈரலுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் 5 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்கும். 10-ஐத் தொட்டால் புடைப்பு, வயிற்றில் நீர் என்று ஒவ்வொன்றாக ஆரம்பிக்கும். 12-ஐத் தாண்டினால் புடைப்பு வெடிக்கும் பயம். கழுத்துச் சிரை வழியாகக் குழாய் விட்டு அளக்கும் சோதனை அது. எல்லாருக்கும் செய்வதில்லை, எங்களுக்கும் செய்யவில்லை. மண்ணீரல் வீக்கமும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருப்பதுமே டாக்டருக்குக் கதையைச் சொல்லிவிட்டன.

சிக்கல் மேலே எதிர்த்து நிற்கும் அழுத்தம் என்பது புரிந்ததும், இதுவரை விழுங்கிய கேஸ் மாத்திரை ஏன் கேட்கவில்லை என்பதும் புரிந்தது. அமிலத்தால் வந்த புண்ணாக இருந்தால் அது ஆற்றும். இது அமிலத்தால் வந்ததில்லை. அது மட்டுமில்லை, அமிலத்தை அடக்கும் மாத்திரையைக் காரணமில்லாமல் வருஷக்கணக்கில் போட்டால் ஈரல் சுருக்கக்காரர்களுக்குத் தொற்றும் சிந்தைக் குழப்பமும் வர வாய்ப்பு கூடுகிறது. இரும்புச்சத்து மாத்திரை உடம்பில் சேர்வதற்கும் அமிலம் வேண்டும். ஆக, ஒரு மாத்திரை இன்னொரு மாத்திரையின் காலை வாரிவிட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் அதை நிறுத்தினார். உங்கள் வீட்டில் வேறு காரணத்துக்காக, உதாரணமாகப் புண்ணுக்கோ வளையம் போட்ட பிறகோ, தந்திருக்கலாம்; கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள். 'இது எதுக்கு, எத்தனை நாளைக்கு?' என்று கேட்டால் போதும்.

அதற்குப் பதிலாக வந்தது கார்வெடிலால். ப்ரோப்ரனலாலும் இதே வேலைக்குத்தான். பிரஷர் மாத்திரை வகைதான், மெடிக்கல்காரர், "ஆச்சிக்குத்தான் பிரஷர் இல்லையே?" என்று கேட்டார். கை பிரஷருக்காக இல்லை, போர்ட்டல் குழாயின் அழுத்தத்தைக் குறைப்பதற்காக. குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றினார்கள். வீட்டில் ஒரு பிரஷர் மிஷின் வாங்கச் சொன்னார்கள். மேல் அளவு 90-க்குக் கீழே போனாலோ, நாடித்துடிப்பு மிகவும் குறைந்தாலோ, தலை சுற்றினாலோ உடனே சொல்ல வேண்டும். ஆஸ்துமா இருந்தால் இந்த மாத்திரையே ஆகாது, முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நாடி பார்க்க அத்தையே பழகிக்கொண்டார். தட்டை ஓரமாக வைத்துவிட்டு, புகையிலைத் தூள் ஒட்டிய விரலை முந்தியில் துடைத்து, மணிக்கட்டில் மூன்று விரலை வைப்பார். நான் போனில் ஒரு நிமிஷம் வைப்பேன். பீடி எண்ணுகிற அதே ராகத்தில் உதட்டுக்குள் எண்ணுவார். 60-ஐ ஒட்டி வந்தால் திருப்தி. மிஷின் வேறு எண் காட்டினால், "மிஷினுக்கு எண்ணத் தெரியல" என்பார்.

சுகர்க்காரர்களுக்கு இந்த மாத்திரையில் ஒரு கண்ணி இருக்கிறது. சுகர் தாழும்போது வரும் படபடப்பையும் கை நடுக்கத்தையும் இது மறைத்துவிடும். வியர்வை மட்டும் வரும். அதனால் காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தால் உடனே விரலில் குத்திப் பார்க்கிறோம். இன்னொன்று, மூன்று மாதச் சராசரி சுகர் சோதனையை இவர்கள் விஷயத்தில் அப்படியே நம்ப முடியாது. ரத்தக்குறைவு, ரத்தம் ஏற்றியது, மண்ணீரல் வீக்கம் எல்லாம் அந்த எண்ணைக் குளறுபடி செய்யும். அத்தைக்கு அது நல்ல எண்ணாக வந்தபோதும் டாக்டர் விரல் சோதனை நோட்டைத்தான் கேட்டார்.

இரும்புச்சத்துக்கு இனி மாத்திரை போதாது என்று நரம்பு வழியாக ஏற்றினார்கள். அதற்குப் பிறகுதான் அரிசிப் பானைப் பக்கம் அத்தை போவது நின்றது. இடையிடையே மாத்திரையும் உண்டு. அதைக் காப்பி டீயோடு போடக்கூடாது, சத்து சேராது.

இப்போது மெடிக்கல் விஷயம். நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றினால் இடுப்பும் தோளும் சும்மா இருக்குமா? எங்கள் ஊரில் மெடிக்கலில் போய், "மேல் வலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்றால், பொட்டலத்தில் மூன்று நாலு கலர் மாத்திரை வந்துவிடும். அதில் ஒன்று டைக்ளோபெனாக்கோ அசிக்ளோபெனாக்கோ அவசியம் இருக்கும். இப்யூபுரோபனும் அதே ஜாதிதான். சுற்றுகிற அக்காமார் எல்லாரும் வாங்குகிற மாதிரி அத்தையும் வாங்கியிருக்கிறார். ஏற்கெனவே ரத்தம் கட்டி நிற்கும் இரைப்பைத் தோலை இந்த வலி மாத்திரை அரிக்கும், தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கும்; அதைவிட மோசம், ஈரல் சுருக்கம் உள்ளவர்களின் சிறுநீரகத்தையே சாய்த்துவிடும். ஊசியாகப் போட்டாலும் அதேதான், வயிற்றில் படாமல் தப்பிவிடுவதில்லை. எங்கள் டாக்டர் முதல் நாளே அடித்துச் சொன்னது இதுதான். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். அதுவும் ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மேல் கூடாது, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நாலு. பாராசிட்டமால்தான் ஈரலைக் கெடுக்கும் என்று கேள்விப்பட்டு, அதை விட்டுவிட்டு டைக்ளோபெனாக் போடுகிறவர்கள் உண்டு. இது தலைகீழ்க் கணக்கு. மெடிக்கலில் கூச்சப்படாமல், "ஈரல் சுருக்கம் இருக்கு, அதுக்கு ஆகுற மாத்திரை குடுங்க" என்று சொல்லித்தான் ஆக வேண்டும். கல்யாண வீட்டில் யார் என்ன நினைத்தாலும் சரி.

மலத்தைப் பார்ப்பது பற்றியும் வெட்கப்படாமல் எழுதிவிடுகிறேன். மெல்லக் கசிந்தால் மலத்தில் நிறம் மாறாமலே போகலாம், ரத்தச் சோதனையில்தான் தெரியும். கொஞ்சம் கூடுதலாகப் போனால் கறுக்கும். ஆனால் இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் கறுக்கும். எப்படிப் பிரிப்பது? மாத்திரையால் கறுத்தால் கரும்பச்சை சாயல் இருக்கும், கெட்டியாகப் போகும். ரத்தமாக இருந்தால் கருகருவென்று பிசுபிசுத்து ஒட்டும், தண்ணீர் ஊற்றினாலும் லேசில் போகாது. நாற்றமே வேறு மாதிரி, ஒரு தடவை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. கக்கூசில் பழைய மஞ்சள் பல்பை எடுத்துவிட்டு வெள்ளை விளக்குப் போட்டோம். அத்தைக்கு முதலில் கோபம், "இதெல்லாமா பாப்பாவ?" என்று. இப்போது அவரே பார்த்துச் சொல்லிவிடுகிறார்.

இரும்புச்சத்து மாத்திரை மலத்தையும் இறுக்கும். அதில் ஒரு விபரீதம் நடந்தது. ஓர் ஆடி மாதம், மலச்சிக்கலாகி இரண்டு மூன்று நாள் கழித்து, அத்தை பகலெல்லாம் தூங்கி ராத்திரியெல்லாம் முழித்திருந்தார். சுற்றிய பீடியை அவிழ்த்துத் திரும்பச் சுற்றினார். கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று ஆடியது. பேய், காற்று என்று பக்கத்து வீட்டில் ஆரம்பிக்கும் முன்பே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முன்னால் சொன்ன சிந்தைக் குழப்பம் இதுதான். குடலில் தங்கும் கழிவின் நஞ்சை ஈரல் முறிக்க முடியாமல் அது மூளைக்கு ஏறிவிடுகிறது. மலச்சிக்கல், தொற்று, தூக்க மாத்திரை, உள்ளே ரத்தக் கசிவு எது வேண்டுமானாலும் இதைக் கிளப்பும். இனிப்பாக ஒரு மருந்து, லாக்டுலோஸ், தந்தார்கள். சுகர்க்காரருக்கு இனிப்பா என்று பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் ரத்தத்தில் சேர்வதில்லை. தினம் இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போகிற அளவுக்கு ஊற்ற வேண்டும். வயிற்றுப்போக்காகவும் ஆகிவிடக்கூடாது.

சாப்பாட்டில் எங்கள் ஊருக்கென்று ஒரு சோதனை உண்டு, கல்லிடைக்குறிச்சி அப்பளம். காலில் வீக்கம் இருப்பதால் அத்தைக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்பு, ஒரு தேக்கரண்டி தலை தட்டி. அப்பளத்தில் உப்பும் உண்டு, அப்பளக்காரமும் உண்டு, இரண்டிலும் சோடியம். உவரிப் பக்கமிருந்து வரும் கருவாடு, மோர் மிளகாய், வற்றல், நாரத்தங்காய் ஊறுகாய் எல்லாமே அதே கணக்கு. யாரோ சொன்னார்கள் என்று இந்துப்பு வாங்கி வந்தார் மாமா. இந்துப்பும் உப்புதான், அதில் சோடியம் குறைவு என்பதெல்லாம் இல்லை. கடையில் சோடியம் குறைவு என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கும். நீர் பிரிய ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுகிறவர்களுக்கு அது இன்னும் ஆபத்து. அதனால் உப்பைக் குறைத்து, புளி, எலுமிச்சை, மிளகு, கொத்தமல்லி என்று ருசியை வேறு பக்கம் திருப்பினோம். சொதிக்கு உப்புக் குறைந்தாலும் எலுமிச்சையும் இஞ்சியும் தூக்கிக் கொடுக்கிறது. அவியல் எவ்வளவு செய்தும் சரிவரவில்லை.

பத்தியம் என்ற பேரில் பட்டினி போடுவதுதான் இதைவிடப் பெரிய கெடுதல். ஈரல் நோய்க்கு முட்டை ஆகாது, மீன் ஆகாது, கஞ்சி மட்டும் கொடு என்று வருகிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஈரல் சுருக்கத்தில் உடம்பின் தசை கரையும். அதனால் புரதம் கூடுதலாகத்தான் வேண்டும். ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம்வரை என்பது கணக்கு. சிந்தைக் குழப்பம் வந்தபோதுகூடப் புரதத்தை நிறுத்தச் சொல்லவில்லை. நம் ஊர் உளுந்தஞ்சோறு இதற்கு நன்றாகத் தோதுப்படும். பயறு, தயிர், முட்டை, மீன் குழம்பில் மீன் மட்டும். ராத்திரி படுக்கும் முன் இன்னொரு சின்னச் சாப்பாடு அவசியம், ஏனென்றால் சுருங்கிய ஈரலில் சர்க்கரைச் சேமிப்பு இருக்காது. ராத்திரி நீண்ட பட்டினியில் உடம்பு தசையைத் தின்ன ஆரம்பித்துவிடும். அத்தைக்குப் பத்து மணிக்கு இரண்டு இட்லி, ஒரு தம்ளர் பால்.

கீழாநெல்லி பற்றிக் கேட்காத ஆளில்லை. கீழாநெல்லியோ சீந்தில் கொடியோ எதுவானாலும் டாக்டரிடம் சொல்லாமல் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். கொரோனா காலத்தில் சீந்தில் குடித்து ஈரல் கெட்டவர்களைப் பற்றி நம் நாட்டு டாக்டர்களே ஆய்வாக எழுதியிருக்கிறார்கள். இருக்கிற ஈரலே கொஞ்சம், அதை வைத்துச் சோதனை செய்ய எனக்கு மனசில்லை. கொண்டுவந்து தருகிறவர்களிடம் வாங்கி வைத்துக்கொள்வேன், அவ்வளவுதான். முகத்தை முறிக்க முடியாதே.

டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ரிப்போர்ட்டில் இரைப்பையின் மேல்பகுதி சிவந்திருக்கிறதா, கீழ்ப்பகுதியா என்று கேளுங்கள். கீழ்ப்பகுதியில், குடலுக்குத் திறக்கும் வாயை நோக்கிக் கோடு கோடாகச் சிவந்திருந்தால் அது வேறு நோய். தர்பூசணி இரைப்பை என்பார்கள். ஈரல் சுருக்கக்காரர்களுக்கு அதுவும் வரும், அதிலும் ரத்தம் கசியும். ஆனால் அழுத்தம் குறைக்கும் மாத்திரை அதற்குக் கேட்காது, எண்டோஸ்கோப்பி வழியாகவே சுட்டு அடைப்பார்கள். அத்தைக்கு வந்த வகையில் மாத்திரையும் இரும்புச்சத்தும் போதாமல் ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டி வந்தால், ஈரலுக்குள்ளே குழாய் வைத்துப் பாதை திறப்பது ஒரு வழி. அதில் அழுத்தம் இறங்கும், ஆனால் சிந்தைக் குழப்பம் கூடலாம். முழுத் தீர்வு என்றால் ஈரல் மாற்று. அத்தையிடம் அந்தப் பேச்சை எடுத்ததற்கே, "யார் ஈரலும் எனக்கு வேண்டாம்" என்று எழுந்து போய்விட்டார். செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுக்கிறது. ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம்வரை. எந்தச் சிகிச்சை அதில் வரும் என்று ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு மேசையில் சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

ரத்த வாந்தி, பிசுபிசுத்த கறுப்பு மலம், மயக்கம், புத்தி தடுமாற்றம் இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுவது, விடியட்டும் என்று காத்திருப்பதில்லை. அத்தையின் பீடி பாஸ்புக் வைக்கும் பையில் ஒரு தாள் எப்போதும் இருக்கும்: ஈரல் சுருக்கம், இரைப்பையில் அழுத்தக் கசிவு, சுகர், இப்போது சாப்பிடும் மாத்திரைகள், கடைசி ஹீமோகுளோபின், ரத்த வகை, வலி ஊசி போடக்கூடாது. ராத்திரி டியூட்டி டாக்டர் புதியவராக இருந்தாலும் அதைப் படித்தால் ஐந்து நிமிஷத்தில் வேலை ஆரம்பமாகிவிடும்.

சமீபத்து எண்டோஸ்கோப்பியில் வலை அப்படியே இருக்கிறது, சிவப்புப் புள்ளிகள் குறைந்திருக்கின்றன. ஹீமோகுளோபின் 9, 10 என்று ஓடுகிறது. ஆறு மாதத்துக்கொரு தடவை ஈரலை ஸ்கேன் செய்கிறோம். அது கசிவுக்காக இல்லை. சுருங்கிய ஈரலில் புற்றுக்கட்டி வரும் வாய்ப்பு உண்டு, சின்னதாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும். அத்தை இப்போது அரைநாள்தான் பீடி சுற்றுகிறார். அப்பளம் பொரிக்கிற வாசனை பக்கத்து வீட்டிலிருந்து வந்தால் மட்டும், "அவாளுக்கெல்லாம் ஈரல் நல்லா இருக்கு போல" என்று என் காதில் விழும்படி சொல்கிறார்.